பரணில் உறங்கும் கணிப்பொறி

"ஓடாத வண்டியை வீட்டில் நிறுத்துவானேன்?" என்று எங்கள் பக்கத்தில் கேட்பார்கள். ஆனால் அதே எங்கள் நாமக்கல் மாவட்டத்தில்தான் ஓடாத லாரியை ஓட வைக்கும் பட்டறைகள் சாலையின் இருபுறமும் இருக்கின்றன. இருபது வருடம் ஓடிய லாரிக்குக்கூடப் புதிய பாடி கட்டி, வர்ணம் பூசி, எலுமிச்சம்பழம் வைத்து மறுபடியும் ரோட்டில் இறக்கி விடுகிறோம். லாரிக்கு இவ்வளவு இரக்கம் காட்டும் நாம், பழைய கணிப்பொறியைக் கண்டால் மட்டும் ஏன் பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடுகிறோம்? இந்தக் கேள்வி சென்ற கோடை விடுமுறையில் என் மனத்தில் எழுந்தது. அதற்கு நான் கண்ட பதிலைத் தோழியரும் பெற்றோரும் கன்னியர்களும் படிக்கும் இந்த ஆண்டு மலரில் எழுதலாம் என்று துணிந்தேன்.

என் பெரியம்மா இராசிபுரத்தில் பல வருடங்கள் தட்டச்சு நிலையம் நடத்தியவர். கீழ்நிலை, மேல்நிலைத் தேர்வுகளுக்கு எத்தனையோ பெண்களைத் தயார் செய்தார். தட்டச்சு இயந்திரத்துக்கு மவுசு குறையத் தொடங்கியபோது, 1995-இல் கடன் வாங்கி ஒரு கணிப்பொறி வாங்கினார். '486' என்ற ரகம். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் மண்டிக் கணக்கு, கோயில் விழா நோட்டீஸ் என்று அதில் அடிக்காதது இல்லையாம். நிலையத்தை மூடியபோது அந்தப் பெட்டி எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தது. நான் பிறந்த நாள் முதல் அது கிழிந்த வேட்டி போர்த்தியபடி அங்கேயே இருந்தது.

சென்ற மே மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணைக் காலி செய்தபோது பழைய இரும்புக் கடைக்காரர் வந்து பெட்டியைத் தூக்கிப் பார்த்து, எடைக் கணக்கில் விலை சொன்னார். அம்மாவும் சரி என்று சொல்லி விட்டார். அந்த நேரம் வந்த பெரியம்மா, பெட்டியோடு இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்து அப்படியே உட்கார்ந்து விட்டார். உள்ளே 14 ஃபிளாப்பித் தட்டுகள். சிலவற்றின் மேல் அவர் கையெழுத்தில் 'அம்மா பாட்டு' என்று எழுதியிருந்தது.

எங்கள் அம்மாயி பள்ளிக்கூடம் போகாதவர். மஞ்சள் காட்டில் களையெடுக்கும்போது பாடும் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் அவருக்கு மனப்பாடம். மாலை வேளைகளில் நிலையத்துக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அவர் பாடப் பாட, பெரியம்மா கணிப்பொறியில் அடித்து வைத்தாராம். அம்மாயி 1999-இல் காலமானார். நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் குரலைப் பதிவு செய்த ஒலிநாடா ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எங்களுக்கு இருந்தது அந்தப் பிஸ்கட் டின் மட்டுமே. பெட்டி கடைக்குப் போகாமல் நின்றது.

நாமகிரிப்பேட்டையில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் என் மாமாவிடம் அதைக் கொண்டு போனோம். நான் உடனே ஸ்விட்சைப் போடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொறு அம்மணி! இருபது வருசம் தூங்கினதை அடிச்சு எழுப்பக்கூடாது" என்றார்.

முதலில் அவர் மின்சாரம் தரும் பெட்டியைத் தனியே கழற்றினார். அதிலுள்ள மின்தேக்கிகளுக்கு வயதானால் தலை உப்பி உள்ளிருக்கும் திரவம் கசியும். இரண்டு அப்படி உப்பியிருந்தன; மாற்றினார். பிறகு 100 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுத்தார். உள்ளே எங்காவது குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். பெட்டி எரியாமல் தப்பும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கியது. "நல்ல சகுனம்" என்று மாமா சிரித்தார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெட்டிக்குள் ஒரு மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அடிக்கக்கூடும். திரைப்பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டு. ஆகையால் தெரிந்த பெரியவர் அருகில் இல்லாமல் யாரும் அவற்றைத் திறக்க வேண்டாம்.

அடுத்ததாகத் தாய்ப்பலகை. அதில் கடிகாரத்துக்காக வைத்த சிறு நிக்கல்-காட்மியம் பாட்டரி கசிந்து, சுற்றிலும் பாசி பிடித்த குளத்துப் படி போலப் பச்சை படர்ந்திருந்தது. அந்தக் கசிவு ஒரு காரம். காரத்தை அமிலம் நடுநிலையாக்கும் என்று வகுப்பில் எத்தனை முறை ஒப்பித்திருப்போம்! மாமா பாட்டரியை வெட்டி எடுத்து விட்டு, ஊறுகாய்க்கு உபயோகிக்கும் வினிகரையும் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷையும் என் கையில் கொடுத்தார். தொட்ட இடத்தில் நுரை பொங்கியது. தேர்வில் மதிப்பெண் வாங்கிய பாடம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அரித்துப் போன மூன்று செம்புத் தடங்களை மயிரிழை போன்ற கம்பியால் மாமா பற்ற வைத்தார். ஒன்றை நானும் பற்ற வைத்தேன். அது இரண்டாம் முறைதான் ஒட்டியது.

நான்காம் நாள் மாலை கணிப்பொறி ஒரு 'பீப்' ஒலி எழுப்பித் தன் நினைவகத்தைத் தானே எண்ணத் தொடங்கியது. பாட்டரி போனதால் தனக்கு எப்படிப்பட்ட வன்தட்டு இருக்கிறது என்பதையே மறந்திருந்தது. வன்தட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அச்சடித்திருந்த எண்களைப் பெரியம்மா ஒவ்வொன்றாகப் படிக்க, நான் அடித்தேன். வன்தட்டு முனகிக்கொண்டு சுழன்றது. திரையில் வந்த பழைய படங்களைப் பார்த்துப் பெரியம்மா கை தட்டினார்.

14 தட்டுகளில் இரண்டின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. பூஞ்சை பிடித்த தட்டைப் போட்டால் படிக்கும் முனையும் கெட்டு, அடுத்த தட்டும் கெடும். அவற்றை ஒதுக்கி வைத்தோம். மற்ற 12-இல் 9 முழுவதும் வந்தன. இரண்டு பாதி வந்தன. ஒன்றில் ஒன்றும் வரவில்லை. மொத்தம் 31 பாட்டுகள் கிடைத்தன. நான்கில் சில அடிகள் இல்லை. ஒரு தாலாட்டின் நடுவில் 'படிக்க இயலவில்லை, மறுபடி முயலவா?' என்று அந்தக் கணிப்பொறி ஆங்கிலத்தில் கேட்டது. நாங்கள் பதினோரு முறை 'ஆம்' என்றோம். அதற்கு மேல் மாமாதான் வேண்டாம் என்றார். விடுபட்ட அடிகளைப் பெரியம்மா நினைத்து நினைத்துப் பார்த்தார், வரவில்லை. "எழுதி வச்சாச்சுன்னு மறந்துட்டேனே கண்ணு" என்று அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

பெரியப்பா மகனான என் அண்ணன் பொறியியல் கல்லூரியில் படிக்கிறார். அவர் கேட்டார்: "இதற்கு இத்தனை பாடா? ஃபிளாப்பி படிக்கும் கருவி இன்றும் கிடைக்கிறது. அதைப் புதிய கணிப்பொறியில் செருகி எடுத்திருக்கலாமே?" அதையும் செய்து பார்த்தோம். தட்டு திறந்தது. ஆனால் திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறு தேங்காய் போலக் கிடந்தன.

காரணம் இதுதான். கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். இன்ன எழுத்துக்கு இன்ன எண் என்று மனிதர்தான் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்துக்கு 1960-களிலேயே பொது ஒப்பந்தம் ஏற்பட்டு விட்டது. தமிழுக்கோ ஒவ்வோர் எழுத்துரு செய்தவரும் தமக்குத் தோன்றிய எண்ணை வைத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டில் இதை ஒழுங்குபடுத்த முயன்றார்கள். இப்போது உலகம் முழுவதும் வழங்கும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றுக்கொண்டது. பலருக்கும் தெரிந்த பழைய எழுத்துருக்களை யூனிகோடாக மாற்றும் மென்பொருள்கள் உண்டு. பெரியம்மாவின் எழுத்துரு எந்தப் பட்டியலிலும் இல்லை. அது அந்தப் பரண் பெட்டியின் வன்தட்டில் மட்டுமே இருந்தது. பெட்டியை எடைக்குப் போட்டு விட்டுத் தட்டுகளை மட்டும் பத்திரப்படுத்தியிருந்தால், பூட்டை வைத்துக்கொண்டு சாவியை விற்றவர்களாகியிருப்போம்.

பழைய கணிப்பொறிகளைத் தேடிச் சேர்ப்பதும், பழுது பார்ப்பதும், ஓட வைப்பதும் உலகில் பலருக்குப் பொழுதுபோக்கு. இதை வேலையற்றோர் வேலை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1951-இல் பயன்பாட்டுக்கு வந்த ஹார்வெல் டெகட்ரான் என்ற கணிப்பொறி, 1957-இல் ஒரு போட்டியின் வழியாக ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பரிசாகக் கிடைத்து, 1973 வரை மாணவர்களுக்குக் கற்பித்தது. பிறகு பிரிக்கப்பட்டுக் கிடங்கில் கிடந்தது. அன்பர்கள் அதைப் பழுது பார்த்து 2012 நவம்பரில் பிளெச்லி பார்க்கில் உள்ள அருங்காட்சியகத்தில் மறுபடி இயக்கினார்கள். இரண்டு எண்களைப் பெருக்க அதற்குச் சில வினாடிகள் ஆகும். கணக்குப் போடும்போது அதன் விளக்குகள் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். கணிப்பொறி எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை இன்றைய எந்தக் கைப்பேசியும் அப்படிக் காட்டாது.

நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1984-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு 'பி.பி.சி. மைக்ரோ' என்ற கணிப்பொறிகளை வழங்கியது. அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைப்போல நூறு மடங்கு இடம் பிடிக்கும். அந்தச் சின்ன இடத்துக்குள் நம் அம்மாக்கள் வயதுடையவர்கள் 'பேசிக்' மொழியில் கட்டளை எழுதிப் பழகினார்கள். இங்கிலாந்தில் இதே கணிப்பொறிகளைச் சேகரிப்போர் அவற்றின் மின்பெட்டியில் வெடிக்கும் மின்தேக்கியை மாற்றி இன்றும் ஓட்டுகிறார்கள். மேற்சொன்ன அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைக்கிறார்கள். நம்மூரிலும் ஏதேனும் ஒரு பள்ளியின் பண்டக அறையில் ஒன்று கிடக்கலாம் அல்லவா?

இன்னொரு செய்தியும் என் மனத்தைத் தொட்டது. இங்கிலாந்து மன்னர் 1086-இல் தம் நாட்டு நிலபுலன்களை எல்லாம் தோலேட்டில் எழுதி வைத்தார். அதன் 900-ஆவது ஆண்டை முன்னிட்டு 1986-இல் பள்ளிக் குழந்தைகளும் பொதுமக்களும் தத்தம் ஊரைப் பற்றி எழுதியவற்றைத் திரட்டி, பி.பி.சி. நிறுவனம் லேசர் தட்டுகளில் வெளியிட்டது. இருபது ஆண்டு முடியுமுன் அந்தத் தட்டுகளைப் படிக்கும் கருவிகள் அரிதாகி விட்டன. 2002-இல் ஆராய்ச்சியாளர்கள் பாடுபட்டு அவற்றை மீட்டார்கள். 900 வருடத்துத் தோலேட்டை மட்டும் இன்றும் நேராகப் படிக்கலாம்.

நமக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், உ.வே. சாமிநாதையரைப் பார்த்துச் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். நம் சேலத்துக்காரர் கேட்ட அந்த ஒரு கேள்வியால் அந்தக் காவியம் 1887-இல் அச்சேறியது. அதற்குப் பின் ஐயர் பல ஊர்களிலும் ஏடு தேடினார். ஏடு கிடைத்தும் அதன் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்? நம் காலத்து ஏடு ஃபிளாப்பித் தட்டு. அதைச் செல் அரிப்பதற்குப் பதில் பூஞ்சை அரிக்கிறது. படிக்கத் தெரிந்தவர் பரணில் உறங்குகிறார்.

இதற்கு மறுப்புகளும் உண்டு. அவற்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

"பழைய கணிப்பொறி ஒரு விஷப் பெட்டி" என்பார்கள். உண்மைதான். பழைய பற்றவைப்பில் ஈயம் உண்டு. திரைக் குழாயின் கண்ணாடியிலும் ஈயம் உண்டு. ஆனால் எடைக்குப் போட்டால் அந்த விஷம் எங்கே போகிறது? செம்புக்காகக் கம்பிகளை வெட்டவெளியில் எரிக்கும் இடங்களுக்கும் அது போகக்கூடும். மின்கழிவை முறையாக ஒப்படைக்க 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற நிறுவனங்களிடமே அதைக் கொடுக்க வேண்டும். எல்லாக் கணிப்பொறியையும் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு ரகத்துக்கு ஒன்று, அதற்குரிய மென்பொருளோடு ஓடும் நிலையில் இருந்தால் போதும். மற்றவை முறையாகப் போகட்டும்.

"பழைய கணிப்பொறி போலவே நடிக்கும் மென்பொருள் இருக்கிறதே, பெட்டி எதற்கு?" என்று அண்ணன் மறுபடியும் கேட்டார். அந்த மென்பொருள் மிகவும் உபயோகமானது. 1986-இன் தட்டுகளை மீட்க அதுவும் உதவியது. ஆனால் அது சரியாக நடிக்கிறதா என்று ஒத்துப் பார்க்கவாவது உண்மையான ஒன்று ஓட வேண்டும் அல்லவா? மேலும் பிஸ்கட் டின்னில் இருக்கும் தட்டை மென்பொருள் எட்டி எடுக்காது. எங்கள் ஊர்ப் பெயரை நாடறியச் செய்த நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் வாசிப்பை இன்றும் ஒலிப்பதிவில் கேட்கிறோம், மகிழ்கிறோம். அதற்காக இனி நாதஸ்வரமே செய்ய வேண்டாம், சீவாளி கட்டத் தெரிந்தவரே வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

"பத்தாம் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பது என் அம்மாவின் கேள்வி. இதற்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. விடுமுறையில் ஒரு மாதம் போனது. கணக்குப் பயிற்சி பின்தங்கியது. அரையாண்டில் மதிப்பெண்ணும் குறைந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நடுநிலையாக்கலும், தொடர் இணைப்பும், மின்தேக்கியும் இனி எனக்கு மறக்காது. கணிப்பொறிப் பாடத்தில் இத்தனை வருடம் மூடிய பெட்டியின் முன் உட்கார்ந்து விட்டு, இப்போதுதான் ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைக்குப் பற்றவைப்புக் கோல் எதற்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "ஊசி பிடிக்கிற கைதானே" என்று பெரியம்மா பதில் சொன்னார்.

ஆகவே என் தாழ்மையான விண்ணப்பங்கள் மூன்று. பெற்றோர்களே, பரணில் உள்ள பெட்டியை விற்பதற்கு முன் ஒரு நாள் பொறுத்து, அதில் யாருடைய எழுத்து இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தோழியரே, உங்கள் கைப்பேசியில் இருக்கும் பாட்டியின் குரலும் ஒரு நாள் படிக்க இயலாத தட்டாகும். ஆகையால் சில வருடங்களுக்கு ஒரு முறை புதிய இடத்துக்கு மாற்றுங்கள், முடிந்ததைத் தாளிலும் எழுதுங்கள். 1998-இல் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' தமிழ் நூல்களை இப்படித்தான் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி இன்றும் நாம் படிக்கும்படி வைத்திருக்கிறது. மதிப்பிற்குரிய தலைமையாசிரியை சகோதரி அவர்களுக்கு: நம் பள்ளியில் கழித்து விடவிருக்கும் கணிப்பொறிகளில் ஒன்றே ஒன்றை எங்களுக்கு விட்டு வையுங்கள். சனிக்கிழமை ஒரு மணி நேரம், ஓர் ஆசிரியையின் மேற்பார்வையில், அதைத் திறந்து பார்த்து ஓட வைக்க ஒரு மன்றம் அமைக்க அனுமதி தாருங்கள். வினிகர் என் செலவு.

அம்மாயியின் 31 பாட்டுகளையும் பெரியம்மா படிக்க, நான் யூனிகோடில் அடித்து முடித்து விட்டேன். ஒரு பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒன்றைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். நான்கு பாட்டுகளில் அடிகள் இல்லாத இடங்களில் புள்ளி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பாட்டி யாருக்காவது அந்தத் தாலாட்டின் மிச்சம் தெரிந்திருந்தால், தயவு செய்து பத்தாம் வகுப்புக்கு வந்து சொல்லுங்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி